கான் வெட்டிய பிறகுதான் பாத்தி

இலங்கையின் மலையகத் தமிழரில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்த 1964 சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, அங்குள்ள பதுளை, அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து நீலகிரிக்கு வந்த குடும்பங்களுக்குக் கொழுந்து பறிப்பது கைப்பழக்கம். வீட்டுக் காய்கறித் தோட்டம்தான் வேறு கணக்கு. அங்கே போஞ்சி என்றது இங்கே பீன்ஸ், கோவா என்றது முட்டைக்கோஸ். பெயர்கள் ஒரு மாதத்தில் வாய்க்கு வந்துவிடும். குளிர் அப்படிப் பழகாது. அட்டன் ஏறக்குறைய 1,270 மீட்டர் உயரம், கோத்தகிரி 1,800ஐ ஒட்டியது, ஊட்டி 2,240. லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) பின்கட்டில் போட்ட அமைப்பையே இங்கேயும் போட்டால், ஜனவரியில் ஓர் இரவு உறைபனி பீன்ஸையும் உருளையையும் கருக்கிவிடும்.

குளிர்காற்று தண்ணீரைப் போலச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். அதனால் அடிவாரத்து ஈரநிலம் எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் பனிக்காலத்தில் அங்கே பீன்ஸ் வேண்டாம். கேரட்டும் கோஸும் ஓரளவு தாங்கும். தோட்டத்தின் கீழ்ப்பக்கம் அடர்ந்த வேலி வைத்தால் காற்று அதில் முட்டி உள்ளேயே நின்றுவிடும். காற்று வெளியேற வேலியின் நடுவே இரண்டடி இடைவெளி விட்டு வையுங்கள். பல நாள் மதியத்துக்குமேல் மூடுபனி ஏறிவிடுவதால் காலை வெயில்தான் முதல். கிழக்கை எதுவும் மறைக்கக் கூடாது.

அடுத்து தண்ணீர். கூடலூர், பந்தலூருக்கு ஜூன் முதல் தென்மேற்கு மழை கொட்டும். குன்னூர், கோத்தகிரிக்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான் பெருமழை. அதற்கு முன்பே தோட்டத்தின் மேல் ஓரத்தில் ஓரடி அகலம், ஓரடி ஆழத்தில் கான் (வடிகால்) வெட்டி, மழைநீரை லேசான சாய்வில் பக்கவாட்டில் வெளியேற்ற வேண்டும். தேயிலைக் காட்டில் கான் வெட்டிய கைகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் வீட்டுத் தோட்டம் சின்னதுதானே என்று பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே மழையில் மேல்மண்ணும் விதையும் கீழே போய்விடும்.

சரிவுக்குக் குறுக்கே 20 அடி, சரிவின் போக்கில் 16 அடி இருந்தால் போதும். மூன்றடி அகலத்தில் நான்கு பாத்திகள், ஒவ்வொன்றுக்கும் கீழே ஓரடி நடைபாதை. மூன்றடி என்றால் பாத்தியை மிதிக்காமல் இரண்டு பக்கமிருந்தும் நடுவரை கை எட்டும். நான்கு என்பதற்குக் காரணம் சுழற்சி: ஒரே பாத்தியில் உருளை, அடுத்த வருஷம் பீன்ஸ், பிறகு கோஸ், பிறகு கேரட், நான்காண்டு கழித்தே மறுபடி உருளை. இங்கே இதில் கறாராக இருக்க வேண்டும். உருளையின் வேரில் கடுகைவிடச் சிறிய மஞ்சள் மணிகளாக ஒட்டும் முட்டைக்கூடு நூற்புழு 1961இல் நீலகிரியில் கண்டறியப்பட்டது. அந்தக் கூடுகள் மண்ணில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். செடி திட்டுத்திட்டாகக் குட்டையாகி மஞ்சளித்தால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். இரவல் மண்வெட்டியைக் கழுவாமல் தோட்டத்தில் இறக்காதீர்கள். அதில் ஒட்டிய மண்ணோடு புழுவும் வரும்.

மண் புளிப்பு. கோஸ் வைக்கும் பாத்திக்கு மட்டும், நடுவதற்கு மூன்று வாரம் முன்பு 2 கிலோ டோலமைட் சுண்ணாம்புத் தூள் தூவிக் கிளறினால் வேர்முடிச்சு நோய் குறையும். உருளைப் பாத்திக்குப் போட்டால் கிழங்கில் சொறி விழும். மேலே சொன்ன வரிசையில் சுண்ணாம்புக்கும் உருளைக்கும் இடையே இரண்டு வருஷம் கிடைத்துவிடுகிறது. சாணத்தையும் டோலமைட்டையும் ஒரே நாளில் போடாதீர்கள், தழைச்சத்து ஆவியாகிப் போகும். கேரட் பாத்திக்குப் பச்சைச் சாணமே கூடாது, கிழங்கு கிளைத்துவிடும்.

இடைவெளி: கோஸுக்கு ஒன்றரை அடி. உருளைக்கு வரிசைக்கு வரிசை ஒன்றரை அடி, கிழங்குக்குக் கிழங்கு 20 சென்டிமீட்டர். கேரட்டை ஓரடி வரிசையில் விதைத்து, முளைத்தபின் நாலு விரல் விட்டுக் கலைக்க வேண்டும்.

மேரக்காய் (சௌசௌ) கொடிக்குப் பாத்தி தேவையில்லை. பாத்திரம் கழுவும் தண்ணீர் வடியும் இடத்தில், தோட்டத்தின் வடக்கு ஓரமாகப் பந்தல் போட்டால் பெரும்பாலான மாதங்களில் நிழல் பாத்தியில் விழாது. குப்பைக்குழியை மட்டும் வீட்டுச் சுவரை ஒட்டித் தோண்டாதீர்கள். பழத்தோல் வாசனைக்குக் கரடி வரும்.