புதுக்கடைக்கு ஒரு மாதம்

திருகோணமலை மாவட்டத்தின் சம்பூர் அனல்மின் நிலையத்தை இந்திய அரசு நிறுவனம் ஒன்றும் இலங்கை மின்சார சபையும் சேர்ந்து கட்டவிருந்தன. அதை எதிர்த்து, கொழும்பு புதுக்கடையில் உள்ள உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குப் போடப்பட்டது. 2016 செப்டெம்பரில், திட்டம் கைவிடப்படுவதாகச் சட்டமா அதிபர் தரப்பு மன்றுக்கு அறிவித்தது. வெளிநாட்டு முதலீட்டை அரசியலமைப்பு தொடாது என்று திருகோணமலையில் இன்னும் பேசுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

தொடும், ஆனால் நேராக அல்ல. அடிப்படை உரிமை வழக்குக்கு வழிவிடும் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரை, அரசின் நிறைவேற்று அல்லது நிருவாகச் செயலுக்கு எதிராகவே பயன்படும். கம்பனி செய்ததை மட்டும் எழுதினால், தொடர அனுமதி கேட்கும் கட்டத்திலேயே மனு விழுந்துவிடும். அனுமதிப்பத்திரம் கொடுத்தது யார், காணியை விட்டது யார், சுற்றாடல் அறிக்கையை ஏற்றது யார் என்று பார்த்து, அவர்களையும் சட்டமா அதிபரையும் பிரதிவாதிகளாக்க வேண்டும். எப்பாவல பொஸ்பேட் வழக்கு (2000) இதற்கு நல்ல பாடம். பொஸ்பேட் அகழ அமெரிக்கக் கம்பனியோடு ஒப்பந்தம் கைச்சாத்தாகும் முன்பே ஊர்மக்கள் நீதிமன்றம் போனார்கள். உரிமை மீறப்படப்போகிறது என்பதே போதுமானதாக இருந்தது.

வழக்குகள் அதிகம் சாவது காலக்கெடுவில்தான். மீறல் நடந்ததிலிருந்து மனுப் போட ஒரு மாதம், அவ்வளவே. தகவலறியும் சட்டத்தில் விண்ணப்பித்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பது வழக்கமான பொறி: தீர்மானிக்கவே தகவல் உத்தியோகத்தருக்கு 14 வேலை நாட்கள் உண்டு, மேன்முறையீடு என்று போனால் மாதம் முடிந்துவிடும். ஆகவே அதே மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகத்தில் முறைப்பாடு கொடுங்கள். 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் 13(1) பிரிவுப்படி, விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் வராது. முறைப்பாட்டுப் பற்றுச்சீட்டு மட்டும் போதாது. விசாரணை உண்மையில் நடக்கிறது என்பதற்கு ஆணைக்குழுவின் கடிதங்களை இணையுங்கள்.

ஜெனீவாவை நம்பி இருக்காதீர்கள். ஐ.நா. மனித உரிமைகள் குழுவின் கருத்தை இங்கே நடைமுறைப்படுத்த முடியாது என்று சிங்கராசா வழக்கில் உயர் நீதிமன்றம் 2006இல் சொல்லிவிட்டது.

மனு ஆங்கிலத்தில் போனாலும், தமிழ் மட்டும் தெரிந்தவரின் சத்தியக்கடதாசியில் அது தமிழில் வாசித்து விளக்கப்பட்டது என்ற குறிப்பு இருக்கட்டும். எதிர்த்தரப்பு முதலில் தேடுவது அந்த ஓட்டையைத்தான். இடைக்காலத் தடையுத்தரவையும் அதே மனுவிலேயே கேளுங்கள். இரண்டு மாதத்தில் முடிக்க வேண்டும் என்று அரசியலமைப்பு சொன்னாலும் வழக்கு வருடக்கணக்கில் இழுபடும், அதற்குள் இயந்திரம் மண்ணில் இறங்கிவிடும்.