வாழைநார் கட்டிய நோட்டுகள்

போஸ்ட் ஆபீஸ் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பூக்கார அக்கா, முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு சின்னக் கட்டை எடுத்து நீட்டினார். பத்தும் இருபதுமாக, வாழைநாரால் கட்டிய நோட்டுகள்.

கவுன்ட்டரில் இருந்தவர் நாரை அவிழ்த்ததும் மல்லிகை வாசம் என் வரைக்கும் வந்தது. நோட்டெல்லாம் ஈரம்.

எண்ணி முடித்தார். ஐந்நூறு ரூபாய்.

"அஞ்சாம் தேதிக்குள்ள போட்டாத்தான் இந்த மாச வட்டி சேரும்மா. அதான் யாவாரத்தைப் பாதியில விட்டுட்டு ஓடியாந்தேன்." மகள் பேரில் செல்வமகள் சேமிப்புக் கணக்கு. பொண்ணு நர்சிங் படிக்க ஆசைப்படுகிறதாம்.

அவர் சொன்னது அவ்வளவும் சரி. 5ஆம் தேதிக்குப் பிறகு போடும் பணத்துக்கு அந்த மாத வட்டி கிடையாது. மகளுக்கு 18 வயதானால் படிப்புக்காகப் பாதி வரை எடுக்கலாம்.

என் மகளுக்கும் அதே கணக்குதான். வருஷத்துக்குக் குறைந்தது 250 ரூபாய், 15 வருஷம் கட்ட வேண்டும். மாதக் கடைசியில் மிஞ்சுவதைப் போடலாம் என்றே நானும் என் வீட்டுக்காரரும் இருந்துவிட்டோம். பால், கேஸ், வேன் ஃபீஸ், நடுவில் யாருக்காவது காய்ச்சல். எங்கே மிஞ்சுகிறது?

அந்த அக்காவுக்கும் மிஞ்சியிருக்காது. முதலிலேயே எடுத்து முடிந்து வைத்திருக்கிறார்.

இன்று ராத்திரி உட்கார்ந்து இந்த மாதச் செலவு லிஸ்டைத் திரும்ப எழுதினோம். முதல் வரியில், அரிசிக்கும் மேலே, மகள் பெயர்.