துப்புரவு ஆட்களுக்கு இன்சூரன்ஸ்: பிரீமியம் எங்கே ஏறுகிறது?

கே.கே.நகர், பைபாஸ் ரோடு பக்கம் ஆறு பேரை வைத்து கிளீனிங் கான்ட்ராக்ட் எடுப்பவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) கட்டாயமில்லை; பத்துப் பேர் ஆனால்தான் வரும். அதற்காக நிம்மதியாக இருக்க முடியாது. மாதம் 12,000 ரூபாய் வாங்கும் 40 வயது ஆள் வேலையில் இறந்தால் சட்டப்படி நஷ்டஈடு தர வேண்டும்: பாதிச் சம்பளம் 6,000, பெருக்கல் அந்த வயதுக்குச் சட்டம் வைத்திருக்கும் எண் 184.17: மொத்தம் 11,05,020 ரூபாய், முதலாளி தலையில்.

இந்த நஷ்டஈட்டுக்காக எடுக்கும் இன்சூரன்ஸில் பிரீமியம் தலைக்கு இவ்வளவு என்பதல்ல, வருடச் சம்பளத்தின் மேல் போடுவது. ஆறு பேருக்கும் இதே சம்பளம் என்றால் அது 8,64,000 ரூபாய். அதில் வேலைக்கேற்ற விகிதம், மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி. தரை துடைப்பவருக்கு விகிதம் குறைவு, கயிற்றில் தொங்கிக் கண்ணாடி துடைப்பவருக்கு அதிகம். எல்லோரையும் ‘ஹவுஸ்கீப்பிங்’ என்று எழுதி மிச்சம் பிடிப்பது அசட்டுத்தனம். மூன்றாம் மாடியிலிருந்து ஒருவர் விழுந்தால் இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் பார்ப்பது என்ன வேலை என்று எழுதிய அந்த இடத்தைத்தான். சம்பளத்தைக் குறைத்துக் காட்டினால் கிளெய்மிலும் வெட்டு விழும்.

தீபாவளி நேரத்து எக்ஸ்ட்ரா ஆட்களின் கூலியையும் சேர்த்தே மதிப்பிடுங்கள். வருடக் கடைசியில் சம்பளப் பதிவேட்டைப் பார்த்து பாக்கி கேட்பார்கள். சப்-கான்ட்ராக்ட் ஆட்கள், ஆஸ்பத்திரிச் செலவு இரண்டையும் பாலிசியில் தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டும். பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் செப்டிக் டேங்க்கில் ஆளை இறக்கிச் சுத்தம் செய்ய வைப்பது 2013 சட்டப்படி குற்றம். அந்த ஆர்டரையே எடுக்காதீர்கள்.