அந்த அம்மா மலைக்குப் போகிறவரா?

குறிப்பிலிருந்து ஒரு வரியை எடுத்துவிட்டேன். நான் செய்தது அவ்வளவுதான். "கொழுந்து பறிக்கும் தாயின் மகளாகப் பிறந்து" என்று தொடங்கிய வரி. அதை எழுதியதும் நான்தான். எடுக்கச் சொன்னவர், அந்தக் குறிப்பு யாரைப் பற்றியதோ அந்த டொக்டர். எடுத்தது சரி என்றே இன்றும் சொல்வேன். ஆனாலும் அந்த விருந்தைப் பற்றி யார் பேச்செடுத்தாலும் என் மனம் அந்த வரியிடமும், அதன் பின்னால் ஒரு பிள்ளை கேட்ட கேள்வியிடமும் போய் நின்றுவிடுகிறது.

நிதி திரட்டும் பிரன்ச் எப்படி நடக்கும் என்பது நுவரெலியா, ஹட்டன் பக்கம் இந்த வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும். கொழும்பிலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வருகிறவர்கள் மேசை மேசையாக இடம் எடுக்கிறார்கள். அந்தப் பணம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளின் விடுதிக் கட்டணமாகவும் பஸ் காசாகவும் போகிறது. படித்து மேலே வந்த மலையகத்தவர் சிலரை மேடைக்கு அழைத்துக் கௌரவிக்கிறோம். உதவி பெறும் பிள்ளைகளையும் கூட்டிவந்து உட்கார வைக்கிறோம், பார்க்கட்டும் என்று. அறிமுகக் குறிப்புகள் என் பொறுப்பு. ஆளுக்கு இரண்டு நிமிடம். முதல் பாதியில் தோட்டத்து வரிசை வீட்டின் ஒற்றை அறையான லயக் காம்பரா, மண்ணெண்ணெய் விளக்கு, சப்பாத்து இல்லாத கால். இரண்டாம் பாதியில் பட்டமும் பதவியும். முதல் பாதி எவ்வளவு இருட்டோ அவ்வளவுக்கு மற்றப் பாதி ஒளிரும், கேட்பவர்களின் கையும் தாராளமாகும். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் தோட்டத்துப் பிள்ளை பெரும்பாலும் டவுனுக்கு வந்து தங்கத்தான் வேண்டும். தங்குவதற்கு யாராவது காசு கொடுக்கத்தான் வேண்டும்.

டொக்டருக்குக் குறிப்பை முன்கூட்டியே அனுப்பியிருந்தேன். மாலையில் தொலைபேசியில் வந்தார்.

"அக்கா, எல்லாம் நன்றாக இருக்கிறது. அம்மாவின் வேலையைப் பற்றிய வரியை மட்டும் எடுத்துவிடுங்கள்."

அதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று வழக்கமாகச் சொல்வதைத்தான் சொல்லத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"வெட்கமா? அம்மா இன்றைக்கும் மலைக்குப் போய்விட்டுத்தான் வந்திருக்கிறார். வெட்கமென்றால் நான் லீவுக்கு அந்தக் காம்பராவுக்குப் போவேனா?"

மலைக்குப் போவதென்றால் எங்கள் பக்கம் தேயிலைக் கொழுந்து பறிக்கப் போவது. பிறகு நிதானமாகச் சொன்னார். மகள் டொக்டராகியும் தாய் இன்னும் கூடை சுமக்கிறாரா என்று முதல் மேசையிலேயே கேட்பார்கள். தன்னுடைய குவாட்டர்ஸுக்கு வந்துவிடும்படி எவ்வளவோ முறை அழைத்தும் அம்மா வரவில்லை. தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்யும் ஒருவர் வீட்டில் இருக்கும்வரைதான் காம்பராவில் நிம்மதியாக இருக்கலாம். தம்பியும் மனைவியும் பிள்ளைகளும் அங்கேதான். தம்பிக்கு வெளியே கடையில் வேலை. அம்மா நின்றுவிட்டால் காம்பரா யாருக்கு என்ற பேச்சு வரும். சில தோட்டங்களில் ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீடு வந்துவிட்டது. அவர்களுடைய டிவிஷனுக்கு, அதாவது தோட்டத்தில் அவர்கள் இருக்கும் பிரிவுக்கு, இன்னும் வரவில்லை. 2024ஆம் ஆண்டு 1,350 ரூபாயாக்கப்பட்ட நாட்சம்பளத்துக்காக அந்த அம்மா மலையேறவில்லை. கூரைக்காக ஏறுகிறார்.

"எழுதுவதென்றால் எல்லாவற்றையும் எழுதுங்கள், அக்கா. 1948இல் எங்கள் பாட்டனாரின் பிரஜாவுரிமை போனதை எழுதுங்கள். சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் குடும்பத்தில் பாதிப் பேர் கப்பலேறியதை எழுதுங்கள். தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லாததால் அம்மா நின்றதை எழுதுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியுமா? முடியாதென்றால் ஒன்றும் வேண்டாம். ஒரு வரி மட்டும் எழுதினால், ஏதோ அம்மாவின் தலைவிதியை நான் கெட்டித்தனத்தால் மாற்றிவிட்டது போல் ஆகிவிடும்."

இதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. அவர் சொன்னது அத்தனையும் உண்மை. 1964இல் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் இருவரும் உட்கார்ந்து ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேர் அங்கே, மூன்று இலட்சம் பேர் இங்கே என்று ஆட்களைப் பிரித்தார்கள். மிஞ்சிய ஒன்றரை இலட்சம் பேரை 1974இல் சரிபாதியாகப் பங்கிட்டார்கள். நாடற்றவர்களாக இங்கேயே தங்கிப்போனவர்களில் கடைசியாக மிஞ்சியவர்களுக்கு 2003இல் வந்த சட்டத்தில்தான் பிரஜாவுரிமை கிடைத்தது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களில்தான். ஒரு தோட்டத்திலிருந்து முதல் டொக்டர் இப்போதுதான் வருகிறார் என்றால் அந்தத் தாமதத்துக்குக் காரணங்கள் உண்டு; அவை சட்டப் புத்தகத்தில் இருக்கின்றன. என் குறிப்புகளில் அவை ஒருபோதும் வந்ததில்லை. விடாமுயற்சி மட்டும்தான் வந்திருக்கிறது.

அவர் தொலைபேசியில் இருக்கும்போதே வரியை அழித்தேன். யாரிடமும் சொல்லமாட்டேன் என்றும் சொன்னேன். அவர் அப்படிக் கேட்கவில்லை. அந்த வாக்கை நானாகவே கூடுதலாகக் கொடுத்தேன். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் பிறகு நான் காப்பாற்றியது அந்தக் கூடுதல் வாக்கைத்தான்.

குழுவில் மூத்தவர் ஒருவர் திருத்திய குறிப்பைப் பார்த்துவிட்டு, "அந்த வரி இல்லாவிட்டால் இவர் மற்ற டொக்டர்களைப் போலத்தானே, மிஸ்?" என்றார். கெட்ட எண்ணத்தில் கேட்டவரல்லர். பிள்ளைகளுக்காகத் தன் கைக்காசைக் கொட்டுகிறவர். ஆனால் அந்த வார்த்தை எனக்குச் சுட்டது. கொழும்பில் ஒரு வைத்திய நிபுணருக்கு விருது கொடுக்கும்போது அவருடைய தாயார் என்ன வேலை செய்தார், என்ன சம்பளம் வாங்கினார் என்றா வாசிக்கிறார்கள்? மற்ற டொக்டர்களைப் போல இருப்பதற்குத்தானே அவர் அத்தனை வருடம் படித்தார்? மூத்தவரிடம் நான் "அவருடைய விருப்பம்" என்று மட்டும் சொன்னேன். அவரும் விட்டுவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை டொக்டர் அம்மாவையும் அழைத்துக்கொண்டு வந்தார். இதை நான் எதிர்பார்க்கவில்லை. அழைப்பிதழில் ஒருவரைக் கூட்டிவரலாம் என்று இருந்தது. நான் கணவரை நினைத்திருந்தேன். மேடைக்கு அருகில் டொக்டருக்கு ஒதுக்கிய இடம் ஒன்றுதான் என்பதால், அம்மாவைப் பிள்ளைகளின் மேசையில் உட்கார வைத்தேன். நானும் அங்கேதான் இருந்தேன். நீலப் பட்டுச் சேலை, தலை நிறையப் பூ. முட்டை ஆப்பத்தை ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்த்துச் சாப்பிட்டார். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்தார். வலது பெருவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் கொழுந்துச் சாறு ஏறிக் கறுத்த வெடிப்புகள். தேசிக்காய் போட்டுத் தேய்த்தாலும் போகாத கறுப்பு அது. கொழும்பிலிருந்து வந்தவர்களுக்கு அது கண்ணிலேயே பட்டிருக்காது. எங்களுக்குத் தெரியும்.

அந்த மேசையில் பொகவந்தலாவைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பிள்ளை. தரம் பதினொன்று. அதிகம் பேசாத பிள்ளை. அலுவலகத்துக்கு வந்தாலும் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். அவள் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டாள்.

"மிஸ், அந்த அம்மா மலைக்குப் போகிறவரா?"

"அவர் டொக்டருடைய அம்மா" என்றேன்.

அவள் "ஆ" என்று தலையாட்டினாள். வேறொன்றும் கேட்கவில்லை. மேடையில் டொக்டரின் பெயரை அழைத்தார்கள், குறிப்பை வாசித்தார்கள், எல்லோரும் கைதட்டினார்கள். அவளும் தட்டினாள்.

என் பதிலில் பொய் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதிலும் இல்லை. அவளுடைய அம்மாவும் மலைக்குப் போகிறவர். அவள் வம்பு விசாரிக்கவில்லை. தன் வீட்டுக்கும் அந்த மேடைக்கும் எவ்வளவு தூரம் என்று கேட்டாள். பிள்ளைகளை அங்கே கூட்டிவருவதே அந்தத் தூரத்தைக் காட்டத்தான். புறப்பட்ட இடத்தை மறைத்துவிட்டுச் சேர்ந்த இடத்தை மட்டும் காட்டினால் பிள்ளைக்கு என்ன விளங்கும்? ஆஸ்பத்திரிக்குப் போனாலும் டொக்டரைப் பார்க்கலாமே.

இப்படி நினைத்த மறுகணமே எனக்கு நானே மறுத்துக்கொள்வேன். அந்த விவரம் என்னுடையதா? ஒருவர் வேண்டாம் என்றார். மேடையில் வேண்டாம், மேசையில் பரவாயில்லை என்று நானே எல்லை பிரிக்கலாமா? எங்கள் ஆட்களின் வாழ்க்கையை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள், படம் பிடிக்கிறார்கள், அறிக்கை எழுதுகிறார்கள். ஒரு பெண் "இது வேண்டாம்" என்று சொல்லி அது நடந்த ஓர் இடமாவது இருக்கட்டும்.

பிறகு முல்லோயா கோவிந்தனை நினைப்பேன். 1940இல் சம்பளப் போராட்டத்தில் பொலிஸ் சுட்டுச் செத்தவர். 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில், ஏழாயிரம் ஏக்கர் காணி பறிபோகக்கூடாது என்ற போராட்டத்தில் சுடப்பட்ட சிவனு லெட்சுமணனை நினைப்பேன். எங்கள் பிள்ளைகளுக்கு முன்மாதிரி யார் என்று கேட்டால் நான் முதலில் சொல்லும் பெயர்கள் இவை. தோட்டத்து வாழ்க்கையை எடுத்துவிட்டால் அந்தக் கதைகளில் என்ன மிஞ்சும்? அங்கே அதைச் சொல்வது யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. அப்படியானால் பிழை அந்த வரியில் இல்லை, வாசிக்கப்பட்ட மண்டபத்தில்தான் என்று தோன்றும். மண்டபம் எப்படியிருந்தாலும் பிள்ளை பிள்ளைதானே என்றும் தோன்றும்.

இன்னொன்றையும் எழுதாமல் விடுவது நேர்மையில்லை. விருந்து முடிந்து வாசலில் வேனுக்காக நின்றபோது டொக்டரின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்றைக்குக் கைக்காசுக் கொழுந்து, மிஸ். நல்ல பருவம், மலை முழுக்கக் கொழுந்து நிற்கிறது. மகளுக்காக விட்டுவிட்டு வந்தேன். நாளைக்கு விடியப் பெரட்டுக்குப் போய்விடுவேன்" என்றார். கைக்காசுக் கொழுந்து என்றால் பறித்த கொழுந்துக்குக் கிலோக் கணக்கில் காசு தருவது; பெரட்டு என்றால் காலையில் வேலைக்கு ஆள் கூடிப் பேர் பதிவது. அம்மா குரலைத் தாழ்த்தவில்லை. பக்கத்தில் நன்கொடையாளர்கள் நின்றார்கள், ஹோட்டல் பையன்கள் நின்றார்கள். அவருக்கு அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. சொல்லப்போனால் பருவக் கொழுந்தைச் சொன்னபோது முகத்தில் ஒரு பெருமை இருந்தது. டொக்டர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. பிள்ளைகளின் வேன் அதற்கு முன்பே புறப்பட்டுவிட்டது.

வேலை அம்மாவினுடையது. வேண்டாம் என்றவர் மகள். அம்மாவிடம் யாரும் கேட்கவில்லை, நானும்தான். கேட்டிருக்க வேண்டுமா? கௌரவிக்கப்பட்டவர் மகள். அவர் சொன்ன பிறகு அவருக்குத் தெரியாமல் தாயிடம் போய் அனுமதி கேட்பது முதுகுக்குப் பின்னால் செய்யும் காரியம். இது எனக்குப் போதுமான நியாயமாகத்தான் படுகிறது. ஆனால் அந்தப் பிள்ளையிடம், "நீயே அந்த அம்மாவிடம் கேட்டுப் பார்" என்று சொல்லியிருந்தால் எந்த வாக்கும் உடைந்திருக்காது. அம்மா தாமாகவே சொல்லியிருப்பார். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், எத்தனை கிலோ என்று ஒரு மணி நேரம் பேசியிருப்பார். அந்த வாக்கியம் ஏன் அந்த நேரத்தில் என் வாயில் வரவில்லை என்பதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கூச்ச சுபாவமுள்ள பிள்ளை, சொன்னாலும் கேட்டிருக்கமாட்டாள் என்று ஒரு பதில் வைத்திருக்கிறேன். அது எனக்கே பாதிதான் ஏற்கிறது.

இந்த வருட விருந்தில் கௌரவிக்கப்படுகிறவர்கள் நிரப்பும் படிவத்தை நான் மாற்றி எழுதியிருக்கிறேன். "பெற்றோரின் தொழில்" என்ற கட்டத்தை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இரண்டு கேள்விகள் போட்டிருக்கிறேன். உங்களைப் பற்றி நன்கொடையாளர்களிடம் என்ன சொல்லலாம்? பிள்ளைகளிடம் என்ன சொல்லலாம்? குழுவில் மூத்தவர் படித்துப் பார்த்தார். "ஒரே மண்டபத்தில் இரண்டு பேரும்தானே உட்கார்ந்திருப்பார்கள், மிஸ்? அவர்களுக்குச் சொல்வது இவர்களுக்கும் கேட்குமே" என்றார். பிள்ளைகளுக்கென்று தனியாக, ஹட்டனிலோ தலவாக்கலையிலோ ஒரு பாடசாலை மண்டபத்தில், விருந்தும் டிக்கெட்டும் இல்லாமல் ஒரு சந்திப்பு வைக்கலாம் என்றேன். அதற்குக் காசு யார் தருவார்கள் என்று கேட்டார். படிவம் அடுத்த கூட்டத்துக்குப் போகிறது.