சொடக்குப் போடும் மோதிர விரல்

மூன்று மாதமாகக் காலையில் எழுந்தால் வலது மோதிர விரல் மடங்கியே கிடக்கும், இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று சொடக்குப் போட்டு நிமிரும். தேங்காய் துருவி வந்த சுளுக்கு என்று தைலம் தேய்த்தேன், வீண். இது ட்ரிகர் ஃபிங்கராம். விரலை மடக்கும் தசைநாண் ஓர் உறைக்குள் ஓடுகிறது, உள்ளங்கையில் விரல் தொடங்கும் இடத்தில் அந்த உறை தடித்தால் நாண் சிக்கிக்கொள்கிறது, ஊசிக் காதில் முடிச்சு விழுந்த நூல் மாதிரி.

டாக்டர் விரலைத் தொடும் முன்பே "சுகர் இருக்கா?" என்றார். இருக்கிறது. சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம். இரவில் விரலை நீட்டிவைக்க ஸ்ப்ளிண்ட், அப்புறம் ஒரு ஸ்டீராய்டு ஊசி. சில நாள் சுகர் ஏறும், பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அதற்கும் மசியாவிட்டால் கையை மட்டும் மரக்கச் செய்து உறையைக் கீறிவிடும் சின்ன ஆபரேஷன். தேங்காய் இப்போது வீட்டுக்காரர் துருவுகிறார், பாதி தரையில்.