உச்சியைத் தொடாத வெற்றி

ராத்திரி பூரா கஞ்சன்ஜங்கா பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். தூக்கம் போனதுதான் மிச்சம். 8,586 மீட்டர், உலகில் மூன்றாவது உயரம். எவரெஸ்ட்டை அளந்து முடிக்கும்வரை இதைத்தான் முதலாவது என்று நினைத்திருந்தார்களாம்.

1905-இல் மந்திரவாதி என்று பேர் வாங்கிய அலீஸ்டர் குரோலி ஒரு குழுவோடு போனார். பனிச்சரிவில் நாலு பேர் செத்தார்கள். உதவிக்குக் கத்தியது கேட்டும் மனுஷன் கூடாரத்தை விட்டு நகரவில்லை. அவரை விடுங்கள்.

எனக்குப் பிடித்தது 1955. சார்லஸ் எவன்ஸ் தலைமையில் பிரிட்டிஷ் குழு. சிக்கிம் மக்களுக்கு அது தெய்வம் குடியிருக்கும் மலை. உச்சியில் கால் வைக்கமாட்டோம் என்று மன்னரிடம் வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் ஏறினார்கள். மே 25 அன்று ஜோ பிரவுனும் ஜார்ஜ் பேண்டும் கடைசிப் பாறையில் முட்டி நின்றார்கள். பிரவுன் மான்செஸ்டரில் குழாய் வேலை, கட்டட வேலை பார்த்தவர். அந்த உயரத்தில், ஆக்சிஜன் முகமூடியோடு, செங்குத்தான ஒரு பாறைப் பிளவில் ஏறிவிட்டார்! மேலே வந்து பார்த்தால் சில அடி தூரத்தில் பனிக்கூம்பு.

அப்படியே நின்றுவிட்டார்கள். மறுநாள் வந்த அதே குழுவின் ஹார்டியும் ஸ்ட்ரீதரும்கூட அதைத் தொடவில்லை. யாரும் காவலுக்கு நிற்காத இடம் அது!

1977-இல் கர்னல் நரேந்திர குமார் தலைமையில் நம் ராணுவக் குழு வடகிழக்கு முகட்டு வழியே ஏறியது. அவர்களும் உச்சியை மிதிக்காமல்தான் திரும்பினார்கள்.