அம்மாவோடு டோக்கியோ: போவதற்கு முன் போட்ட கணக்கு

வரும் நவம்பர் கடைசியில் அம்மாவும் நானும் டோக்கியோ போகிறோம். இருவருக்குமே ஜப்பான் புதிது. அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. சுத்த சைவம் வேறு. இந்த இரண்டையும் வைத்துத்தான் மொத்தத் திட்டமும்.

சகுரா பூக்கும் ஏப்ரல் தொடக்கத்தில் போகத்தான் ஆசை. ஆனால் அப்போது விடுதி வாடகை எகிறிவிடுகிறது, கூட்டத்தைக் கேட்கவே வேண்டாம். நவம்பர் கடைசியில் கிங்கோ மரங்கள் மஞ்சளாகிவிடும். குளிரும் தாங்கக்கூடியதுதான்.

அடுத்தது, எங்கே தங்குவது? 1.4 கோடிப் பேர் வாழும் ஊர் அது. நல்லவேளையாக யமனோடே என்றொரு ரயில் தடம் நகரின் நடுப்பகுதியை வட்டமாகச் சுற்றி வருகிறது. 30 நிலையங்கள், முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம். இந்த வட்டத்தை ஒட்டி அறை எடுத்தால் பாதிக் கவலை தீர்ந்தது. ஷின்ஜுகுவில் தங்கு என்றுதான் பலரும் சொல்கிறார்கள். ஆனால் உலகிலேயே அதிகப் பயணிகள் வந்துபோகும் அந்த நிலையத்துக்கு 200க்கும் மேல் வாசல்கள். வாசல் மாறி வெளியே வந்தால் சுற்றி நடக்கவேண்டிய தூரத்தை அம்மாவின் முழங்கால் தாங்காது.

அதனால் அதே வட்டத்தில் உள்ள உவேனோ. நாரிடா விமான நிலையத்திலிருந்து ஸ்கைலைனர் ரயில் நேராக அங்கே வந்துவிடும், பெட்டிகளோடு எங்கும் மாறவேண்டாம். கின்ஸா தடத்தில் ஏறினால் மூன்றாவது நிலையம் அசகுசா. 1927இல் முதலில் திறந்ததே இந்தத் துண்டுதான். ஆசியாவின் முதல் சுரங்க ரயில் பாதை! அசகுசாவின் சென்சோஜி கோயிலுக்கு, கடைவீதி விழிப்பதற்கு முன் விடியற்காலையிலேயே போய்விட எண்ணம். உவேனோ பூங்காவில் ஷினோபாஸு குளத்தின் நடுவே பென்டென்தோ என்ற கோயில் இருக்கிறது. அங்குள்ள தெய்வம் பென்ஸைடென் நம் சரஸ்வதியேதான், அவளுக்குரிய வாத்தியம் மட்டும் வீணைக்குப் பதில் பிவா. இதைச் சொன்னதிலிருந்து அம்மா அந்தக் குளத்தைப் பற்றியே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

சாப்பாடுதான் பெரிய வேலை. காய்கறி மட்டும் மிதக்கும் சூப்பாக இருந்தாலும் அதற்கு அடிப்படையாகத் தாஷி என்ற சாறு இருக்கும். அதை எடுப்பது பெரும்பாலும் கட்ஸுவோபுஷியிலிருந்து, அதாவது நம் மாசிக்கருவாடு மாதிரியான ஒன்றிலிருந்து. மிஸோ சூப், உடோன் குழம்பு எல்லாவற்றிலும் இதே கதைதான். மீன், இறைச்சி வேண்டாம் என்றால் போதாது. தாஷியும் வேண்டாம் என்று ஜப்பானிய மொழியில் எழுதிய அட்டை ஒன்றைக் கையில் வைத்திருக்கப் போகிறோம். வீட்டுக் குக்கரை எடுத்துப்போகலாமா என்றார் அம்மா. அங்கே மின்சாரம் 100 வோல்ட். நம் 230 வோல்ட் குக்கர் சரியாகச் சூடேறாது. அதனால் சின்னச் சமையலறை உள்ள அறையாகப் பார்த்துப் பதிவு செய்திருக்கிறேன். அரிசி அங்கேயே கிடைக்கும், பருப்புப்பொடியும் ஊறுகாயும் இங்கிருந்து. இந்தியர்கள் நிறைய வாழும் நிஷி-கசாயில் ஒரு நாள் வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுக்கொள்ளலாம்.

அப்புறம், ஷின்ஜுகுவை ஒரேயடியாக விட்டுவிடவில்லை. டோக்கியோ மாநகர அரசுக் கட்டடத்தின் 45ஆவது மாடியில், 202 மீட்டர் உயரத்தில் இருந்து ஊரைப் பார்க்கலாம். கட்டணம் கிடையாது, லிஃப்ட் உண்டு. வானம் தெளிவாக இருந்தால் ஃபுஜி மலையும் தெரியும். அதற்கு மட்டும் தேதி குறிக்கவில்லை. அங்கே போய் வானிலையைப் பார்த்துக்கொண்டு, அன்றன்று காலையில் முடிவு செய்வதாக இருக்கிறோம்.